பழைய பியர் கெக்கை இஞ்சிச் சோடாவுக்குத் தயார்ப்படுத்தும் முறை

மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஐம்பது பேர் கூடும் ஒரு வீட்டுக் கொண்டாட்டத்துக்குக் கூடக் குளிர்பானம் போத்தல் கணக்கில் வாங்கி முடியாது. அதற்காக நானும் என் மைத்துனரும் இரண்டு பழைய பியர் கெக்குகளை (பியர் அடைத்து வரும் உலோகப் பீப்பாய்களை) எடுத்து, ஒன்றை இஞ்சி காய்ச்சும் பாத்திரமாகவும் மற்றையதைச் சோடா அடைக்கும் கலமாகவும் மாற்றிக்கொண்டோம். அந்த வேலையில் கற்றவற்றை, எங்கே தவறினோம் என்பதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

இஞ்சிச் சோடா என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாடுகளில் இத்தகைய கெக்குகளை வாங்குவோர் பெரும்பாலும் வீட்டிலேயே பியர் வடிக்கிறார்கள். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். கசிப்பு மட்டுமல்ல, வீட்டுப் பியரும் அதில் அடங்கும். எனவே இங்கே சொல்லப்படுவது மதுவம் (ஈஸ்ற்) சேர்க்காத, புளிக்க விடாத, காபனீரொட்சைட்டு வாயுவை வெளியிலிருந்து ஏற்றிய இஞ்சிப் பானம் மட்டுமே. கெக்கைச் சுத்திகரிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பியர் இருந்த கலத்திலிருந்து ஊற்றிய பானத்தைக் குடிக்க விரும்பாதவர்கள் நம் பகுதியில் ஏராளமாக இருக்கிறார்கள். எவ்வளவு கழுவினாலும் அது அவர்களுக்கு உவப்பில்லாத விடயமாக இருக்கலாம். காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ முஸ்லிம் விருந்தினர் வந்தால், கேட்கும்வரை காத்திராமல் கலத்தின் பழைய வாழ்க்கையை நானே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கென்று வேறு பாத்திரத்தில் கரைத்த எலுமிச்சைச் சாறு எப்போதும் இருக்கும். கோயில் சடங்குக்கு இந்தக் கலத்தை நான் கொண்டுபோவதே இல்லை.

கெக் யாருடையது, எதனால் ஆனது

விடுதிகளிலும் மதுச்சாலைகளிலும் காணப்படும் கெக் பெரும்பாலும் அந்த விடுதிக்குச் சொந்தமானதல்ல. வைப்புப் பணம் கட்டி எடுத்திருப்பார்கள். வெறுங்கலம் வடிசாலைக்குத் திரும்பவேண்டும். வைப்புப் பணம் கட்டியதனால் கலம் விடுதிக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. ஆகவே பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று தூக்கிக்கொண்டு வரக்கூடாது. மேல் வளையத்தில் நிறுவனப் பெயர் பொறித்த கெக் என்றால், அது கழித்து விற்கப்பட்டதற்கான எழுத்து கையில் இருக்கவேண்டும். எங்களுக்குக் கிடைத்த இரண்டும் கடிதத்துடன் வந்தவை.

அடுத்தது உலோகம். இன்றைய கெக்குகளில் மிகப் பெரும்பாலானவை 304 வகைத் துருவேறா உருக்கினால் ஆனவை. ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கலந்தது. ஆனால் அலுமினியக் கெக்குகளும் இன்னும் சுற்றிவருகின்றன. காந்தம் இரண்டிலும் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனை பயன்படாது. மறைவான இடத்தில் ஓர் ஆணியால் கீறிப் பார்க்கலாம். அலுமினியம் மென்மையாக, ஆழமாகக் கீறுப்படும், நிறமும் மங்கிய சாம்பலாக இருக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த இரண்டுக்கும் முன்னர் நான் வாங்கிய முதலாவது கலம் அலுமினியமாக இருந்ததும், அதைப் பார்க்காமலே உள்ளே சூடான எரிசோடாக் கரைசலை ஊற்றியதுந்தான். சில விநாடிகளில் அது பொங்கி நுரைத்து வாய்வழியே வெளியே வந்தது. எரிசோடா அலுமினியத்தைக் கரைத்து ஐதரசன் வாயுவை வெளிவிடும்; அந்த வாயு தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் விறகடுப்பு எரியாதது என் அதிட்டம். கரைசலை வெளியே கொட்டியபோது உட்சுவர் கறுத்துச் சொரசொரப்பாகிப் போயிருந்தது. விற்றவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்து வாங்காதது நான்.

கொள்ளளவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய முறைக் கெக்குகள் 20, 30, 50 லீற்றர் அளவுகளில் வரும். அமெரிக்க முறைப் பெரிய கெக் ஏறத்தாழ 58.7 லீற்றர் கொள்ளும். 50 லீற்றர்க் கலத்தில் நீர் நிரப்பினால் கலத்தின் எடையும் சேர்ந்து அறுபது கிலோவைத் தாண்டும். அதை ஒருவர் தூக்கக்கூடாது. இரண்டு பேர் இல்லையென்றால் 30 லீற்றர்க் கலத்தைத் தேடுவதே புத்தி.

முதலில் அழுத்தம்

வெறுமையாக இருப்பதாகத் தோன்றும் கெக்கினுள்ளும் அழுத்தம் இருக்கும். பியர் தீர்ந்தாலும் அதைத் தள்ளிய காபனீரொட்சைட்டு உள்ளேயே அடைபட்டிருக்கும். வெயிலில் கிடந்தால் அழுத்தம் மேலும் கூடும். கெக்கின் நடுவே மேலிருந்து அடிவரை இறங்கும் உருக்குக் குழாய் ஒன்று உண்டு. அழுத்தம் போகாத கலத்தில் அந்த நடுக்குழாயின் பூட்டு வளையத்தைக் கழற்றினால் குழாய் துப்பாக்கிக் குண்டுபோலத் தெறிக்கும். வெளிநாடுகளில் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. ஆகவே கெக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை நிழலில் வைத்து அதன் வாயுவை இறக்குவதுதான்.

இதற்கு அந்தக் கெக்குக்குப் பொருந்தும் கப்ளர், அதாவது கெக்கின் வாயிலுள்ள வால்வில் பூட்டி அதைத் திறக்கும் இணைப்பான், வேண்டும். வால்வின் வடிவம் நாட்டுக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறும். ஐரோப்பாவில் எஸ் வகையும் ஏ வகையும், அமெரிக்காவில் டி வகையும் பரவலானவை. எஸ், டி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றின் கப்ளர் மற்றதற்குச் சரியாக வேலை செய்யாது. வாங்கும்போதே வால்வின் மேற்பகுதியைப் படமெடுத்துக் கடையில் காட்டிப் பொருத்தமானதைப் பெற்றுக்கொள்ளவேண்டும்.

கப்ளரின் பக்கத்தில் வாயு நுழையும் வாயும், மேலே பானம் வெளிவரும் வாயும் இருக்கும். இரண்டிலும் பின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு தடுப்புகள் உண்டு: வாயு வாயில் ஒரு ரப்பர் நாக்கு, பான வாயில் ஒரு சிறு பந்து. இரண்டையும் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, பான வாயை மூடி, கெக்கை நிமிர்த்தி வைத்துக் கப்ளரைப் பூட்டி, வாயு வாயைத் தடித்த துணியால் மூடிக்கொண்டு, பிடியை மெதுவாக அழுத்தவேண்டும். சீறல் நின்ற பிறகும் பிடியை உயர்த்தாமல் ஐந்து நிமிடம் அப்படியே விடவேண்டும். திருப்புளியால் வால்வை அமுக்கி வாயுவை இறக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. பழைய பியர் முகத்தில் பீறிட்டடிப்பதும், திருப்புளி வால்வின் ரப்பரைக் கிழிப்பதும் அதில் கிடைக்கும் பலன்கள்.

வாயு முழுவதும் இறங்கிய பின், கப்ளர் பூட்டியபடியே, பான வாயைத் திறந்து, கெக்கைத் தலைகீழாகக் கட்டைகளின் மேல் நிறுத்தினால், நடுக்குழாய் வழியே காற்று ஏறி, எஞ்சிய பியர் வாயு வாய் வழியே வடியும். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். கழுவும்போதும் இதுவே வரும்.

ஒன்றை வெட்டுவோம், ஒன்றை வெட்டமாட்டோம்

காய்ச்சும் பாத்திரத்துக்குக் கையும் கண்ணும் உள்ளே போகவேண்டும்; ஆகவே அதன் தலையை வெட்டியெடுக்கிறோம். வாயு ஏற்றும் கலத்தை வெட்டமுடியாது. கண் போகாத இடத்தைக் கழுவி, கழுவுப்பட்டதை வேறு வழியால் உறுதிப்படுத்தவேண்டும். உண்மையான சிரமம் இந்த இரண்டாவதில்தான். முதலாவது ஒரு பிற்பகல் வேலை.

வெட்டுவதற்கு முன் நடுக்குழாய் வெளியே வந்திருக்கவேண்டும். அல்லது தலையைக் குழாயோடு சேர்த்தே வெட்டியெடுத்துவிடலாம். நான் செய்தது இதுதான். 50 லீற்றர்க் கலத்தில் கைபிடி வளையத்தை விட்டுவிட்டு, உள்ளே ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் வரையலாம். வீட்டில் இருக்கும் ஒரு பானை மூடிக்குப் பொருந்தும்படி அளவெடுத்தால் தனியே மூடி தேட வேண்டியதில்லை. கிரைண்டரில் துருவேறா உருக்குக்கென்று விற்கும் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள புதிய வெட்டுத் தட்டைப் பூட்டவேண்டும்.

கேற்றும் கிறிலும் செய்யும் வெல்டிங் பட்டறையில் கொடுத்து வெட்டுவிப்பதும் நல்ல வழியே. ஆனால் அங்கே இரும்பு வெட்டிய தட்டாலேயே இதையும் வெட்டிவிடுவார்கள். தட்டில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் உருக்கில் பதிந்து, ஒரு மாதத்துக்குள் வெட்டிய விளிம்பெல்லாம் செம்புள்ளி போடும். புதிய தட்டை நாமே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து, கண்முன்னே பூட்டச் சொல்வதுதான் தீர்வு. திறந்த வெளியில் வெட்டினால் காற்றின் திசையையும் பார்க்கவேண்டும். கச்சான் காலத்தில் பொறி கிடுகு வேலிவரை பறந்துபோகும்.

வெட்டிய விளிம்பு சவர அலகுபோல இருக்கும். அரத்தாலும் பிறகு மெருகுத் தாளாலும் உள்ளும் புறமும் உருட்டித் தேய்த்து, ஈரத் துணியை விளிம்பில் ஓடவிட்டு, நூல் எங்கும் சிக்காமல் போகும்வரை தேய்க்கவேண்டும்.

அடியில் ஒரு குழாய்வால்வு பூட்டினால் கொதிநீரைச் சரித்து ஊற்றும் ஆபத்து இல்லை. அரை அங்குலக் குழாய்ப்புரி வெளிவிட்டத்தில் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர். துளையும் அதே அளவு. சுவர் வளைந்து அடிக்குழிவாக மாறும் இடத்துக்குச் சற்று மேலே, நேரான பகுதியில் புள்ளி வைத்து, ஊசிக்குத்தியால் தட்டி, முதலில் 3 மில்லிமீற்றர், பிறகு 6, பிறகு படிப்படியாக அகலும் துரப்பணம் என்று போகவேண்டும். இந்த உருக்குக்கு ஒரு குணம் உண்டு: வேகமாக உராய்ந்து சூடானால் அந்த இடம் மேலும் கடினமாகிவிடும், பிறகு எந்தத் துரப்பணமும் ஏறாது. மெதுவான சுழற்சி, நல்ல அழுத்தம், அடிக்கடி ஒரு துளி எண்ணெய் ஆகிய மூன்றும் இருந்தால் துளை சுலபமாக விழும். நான் தேங்காயெண்ணெய் விட்டேன், கழுவவும் எளிது. உள்ளும் புறமும் சிலிக்கன் வளையம் வைத்து, துருவேறா உருக்கு வால்வையே பூட்டவேண்டும். பித்தளை வால்வு விலை குறைவு, ஆனால் அதில் ஈயம் கலந்திருக்கலாம். புளிப்பான பானத்துக்கு அது வேண்டாம். நீர் நிரப்பிக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி கொதிக்க வைத்து, இரண்டு தடவையும் கசிவில்லை என்றால் வேலை முடிந்தது.

இந்தப் பாத்திரத்துக்கு வீட்டு மேசையடுப்பு பொருந்தாது. 40 லீற்றர் நீரோடு ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். தரையில் நிற்கும் உறுதியான இரும்பு முக்காலி அடுப்பு வேண்டும். 28 பாகையிலிருந்து 40 லீற்றரைக் கொதிக்க வைக்க, சூட்டில் பாதி வீணாகிறதென்று கொண்டாலும், அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சமையல் வாயு செலவாகும். தலையை வெட்டிய, அடைபடாத கலத்தை மட்டுமே அடுப்பில் வைக்கலாம். வெட்டாத கெக்கை, வாய் திறந்திருக்கிறதென்று நம்பிக்கூட, ஒருபோதும் நெருப்பில் வைக்கக்கூடாது.

கண் போகாத கலத்தைக் கழுவுதல்

வெட்டாத கலத்தின் நடுக்குழாயைக் கழற்றிக் கழுவுவதா, கழற்றாமலே கழுவுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் கழற்றாத பக்கம். சில கெக்குகளில் குழாய் புரியால் இறுக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் உருக்கு வளையம் ஒன்று பள்ளத்தில் அமர்ந்து தாங்கும். எதுவானாலும், திருப்பிப் பூட்டும்போது அரை மில்லிமீற்றர் சரியாக அமராத வளையம் அடுத்த முறை வாயு ஏற்றும்போது முகத்துக்கு நேரே வரலாம். வடிசாலைகளிலேயே ஒவ்வொரு தடவையும் குழாயைக் கழற்றுவதில்லை. அங்கே கெக்கைத் தலைகீழாக நிறுத்தி, நடுக்குழாய் வழியே கரைசலை மேலே செலுத்துகிறார்கள்; அது குழிந்த அடியில் மோதிக் குடைபோல விரிந்து சுவர்வழியே வழிந்து வாயு வாயால் வெளியேறுகிறது. வீட்டில் செய்யக்கூடியது அதன் சிறிய வடிவமே.

ஒரு பிளாஸ்ரிக் வாளி, ஒரு சிறிய நீர்மூழ்கிப் பம்பி, கப்ளர், இரண்டு குழாய்கள் போதும். தடுப்புகள் கழற்றிய கப்ளரைப் பூட்டிக் கெக்கைத் தலைகீழாக நிறுத்தி, பம்பியின் குழாயைப் பான வாயிலும், வடிகுழாயை வாயு வாயிலிருந்து வாளிக்கும் பூட்டினால், வாளியிலுள்ள பத்து லீற்றர்க் கரைசல் சுற்றிச் சுற்றி ஓடும். பம்பி எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று அதன் உடலில் எழுதியிருக்கும். சாதாரண மீன்தொட்டிப் பம்பி சூடான கரைசலில் சீக்கிரம் இறந்துவிடும். பம்பி இல்லாதவர் கலத்தைச் சூடான கரைசலால் முழுக்க நிரப்பி ஓரிரவு நிமிர்த்தியும் மறு இரவு கவிழ்த்தும் வைக்கலாம். அதிகம் செலவாகும், ஆனால் வேலை செய்யும்.

சோடாக் கரைசலுக்கு முன் ஒரு வேலை. உள்ளே எஞ்சியிருக்கும் காபனீரொட்சைட்டை வெளியேற்றவேண்டும். எரிசோடா அந்த வாயுவை விழுங்கித் தானும் வலுவிழக்கும். மூடிய கலத்தில் அது வெற்றிடத்தையும் உண்டாக்கும். அதனால் முதலில் சாதாரண நீரால் கலத்தை விளிம்புவரை நிரப்பி வடியவிடவேண்டும். இதை மூன்று தடவை செய்தால் வாயுவும் போகும், பழைய பியரின் பெரும்பகுதியும் போகும். அந்தக் கழிநீரைக் கிணற்றடியிலோ வாவிக் கரையிலோ ஊற்றாமல் தென்னையடியில் ஊற்றலாம்.

பியர் விட்டுச்செல்வது மூன்று வகை அழுக்கு: புரதமும் மதுவமும் சேர்ந்த படலம், பியருக்குக் கசப்பைத் தரும் பூவின் பிசின், கல்சியம் ஒட்சலேற்று என்ற வெளிறிய கற்படிவு. முதல் இரண்டையும் காரம் கரைக்கும். கற்படிவைக் காரம் தொடாது, அமிலம் வேண்டும். ஒரே மருந்தால் எல்லாம் போகும் என்று நினைத்து எரிசோடாவை இரட்டித்துப் போடுவோர், கற்படிவை அப்படியே விட்டுவிட்டு, தம் கையைத்தான் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

காரத்துக்கு நான் விரும்புவது ஒட்சிசன் வெளிவிடும் கறைநீக்கித் தூள், அதாவது சோடியம் பேர்காபனேற்று. லீற்றருக்கு ஐந்து கிராம் அளவில், அதே அளவு சலவைச் சோடாவும் சேர்த்து, 60 பாகைச் சூட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டால் பெரும்பாலான கலங்களுக்குப் போதும். வாசனை சேர்த்த தூளை வாங்கக்கூடாது; மல்லிகை மணம் ரப்பரில் ஏறிவிட்டால் இஞ்சியாலும் அதை மறைக்கமுடியாது. நாட்பட்டுக் காய்ந்த கலத்துக்கு எரிசோடாவே வேண்டிவரும். பத்து லீற்றருக்கு நூறிலிருந்து இருநூறு கிராம், அதாவது ஒன்று முதல் இரண்டு வீதம். 60 பாகைக்கு மேல் தேவையில்லை. நீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முழங்கைவரை ரப்பர்க் கையுறையும் கண்ணை மூடும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. கண்ணில் பட்டால் வினாகிரி, எலுமிச்சை என்று தேடாமல், ஓடும் நீரால் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

காரத்தைக் கழுவிவிட்ட பிறகு, லீற்றருக்கு இருபது கிராம் சித்திரிக்கமிலம் கலந்த வெந்நீரை அரை மணி நேரம் சுற்றவிடவேண்டும். காரமும் அமிலமும் கலத்தினுள் சந்திக்கக்கூடாது; சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு இரண்டும் வீணாகும். பழைய கற்படிவு ஒரு தடவையில் போகாது. கார முறையையும் அமில முறையையும் மாறிமாறி இரண்டு மூன்று தடவை செய்யவேண்டியிருக்கலாம். அமிலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: உருக்கின் மேற்பரப்பில் ஒட்டிய இரும்பை அது நீக்க, குரோமியத்தின் மெல்லிய காப்புப்படலம் மீண்டும் முழுமையாக உருவாகும். வெட்டிய பாத்திரத்தின் விளிம்பையும் துளையையும் இதைவிட வலிய, லீற்றருக்கு ஐம்பது கிராம் கரைசலால் துடைத்துவிடுவது அதற்காகவே.

குளோரினைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சுனாமிக்குப் பிறகும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுப் பழகிய நமக்கு, எதைச் சுத்தப்படுத்துவதென்றாலும் கை முதலில் அந்தப் பையைத்தான் தேடும். கெக்குக்கு அது கூடாது. குளோரைட்டு, காப்புப்படலத்தை ஊசிமுனையளவு இடங்களில் துளைத்து உள்ளே அரித்துக்கொண்டு போகும். வெளியே ஒரு புள்ளி தெரியும்போது உள்ளே குழியாகியிருக்கும். இதே காரணத்தால் உவர்க் கிணற்று நீரையும் கலத்தில் காயவிடக்கூடாது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி போன்ற இடங்களில் கோடை முற்றும்போது கிணற்றுநீர் உவர்த்துவிடும் வீடுகள் உண்டு. முதல் கழுவல்களுக்கு அந்த நீரைப் பயன்படுத்தினாலும், கடைசிக் கழுவலுக்குக் குழாய்நீரோ மழைநீரோ வேண்டும்.

கழுவுப்பட்டதா என்பதை எப்படி அறிவது? மூன்று வழிகள் உண்டு. காரம் எஞ்சியிருக்கிறதா என்பதை மஞ்சள் சொல்லும். வெள்ளைத் தாளில் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, வடியும் நீரில் ஒரு துளியை அதில் விடவேண்டும். செம்மண் நிறமாக மாறினால் இன்னும் கழுவவேண்டும், மஞ்சளாகவே நின்றால் போதும். குங்குமம் செய்யும் நம் பெண்களுக்கு இது புதிய செய்தியல்ல. இரண்டாவது மூக்கு. கலத்தில் சிறிது வெந்நீர் விட்டு, ஓரிரவு மூடி வைத்து, காலையில் கப்ளரைப் பூட்டி அந்த நீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து மணந்தும் சுவைத்தும் பார்க்கவேண்டும். வெறும் நீராக இருக்கவேண்டும். மஞ்சள் சோதனையில் தேறாத நீரைச் சுவைக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது, கைபேசியோடு பூட்டும் மெல்லிய கம்பிக் கமரா. நடுக்குழாய் கழற்றிய கலத்துக்கு மட்டுமே அது உதவும். சுவரில் நீர் துளித்துளியாக நின்றால் பிசின் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால் சுவர் சுத்தம்.

பியர் மணம் போகவே மாட்டேன் என்றால் குற்றவாளி பெரும்பாலும் உருக்கு அல்ல, வால்வின் ரப்பர். கப்ளரின் ரப்பர் வளையங்களை நாமே மாற்றலாம். வால்வின் ரப்பர் கெட்டிருந்தால், அந்தக் கலத்தை வாயுவுக்குப் பயன்படுத்தாமல், அதையும் வெட்டிப் பாத்திரமாக்கிவிடுவதே என் தீர்ப்பு.

கடைசியாகக் கிருமி நீக்கம். இதற்கு இரசாயனம் எதுவும் தேவையில்லை. 80 பாகைக்குக் குறையாத வெந்நீரைக் கலத்தில் நிரப்பி இருபது நிமிடம் விட்டால் போதும். கலத்தின் வெளிச்சுவரும் தொடமுடியாதபடி சுடவேண்டும் என்பது அடையாளம். வெந்நீரை வடித்துவிட்டு உடனே மூடினால், ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, முதல் தடவை திறக்கையில் வெளிக்காற்றைத் தூசியோடு இழுத்துக்கொள்ளும். வாயு உருளையை இணைத்து, சிறிது காபனீரொட்சைட்டைச் செலுத்திக்கொண்டே ஆறவிடுவதுதான் முறை.

வாயு ஏற்றுதல்

பானம் தயாரிப்பது சுருக்கமான வேலை. 40 லீற்றருக்கு இரண்டு கிலோ இஞ்சியை இடித்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, நான்கு கிலோ சீனி கரைத்து, ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து, மெல்லிய துணியால் இரண்டு தடவை வடிக்கவேண்டும். துணியைத் தாண்டிய இஞ்சி நார்தான் வால்வை அடைக்கும். மூன்றாம் தடவை வடித்தாலும் தப்பில்லை. கலத்தை முழுக்க நிரப்பாமல் மேலே சில லீற்றர் இடம் விடவேண்டும்.

வாயு குளிர்ந்த நீரில்தான் நன்றாகக் கரையும். 4 பாகைக் குளிரில் 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தம் தரும் துள்ளலை, நம் அறை வெப்பமான 28 பாகையில் பெற ஏறத்தாழ 36 பி.எஸ்.ஐ. வேண்டும். கெக்கின் மேல் வளையத்தில் அது தாங்கும் உச்ச அழுத்தம் பொறிக்கப்பட்டிருக்கும். எண் அழிந்துபோன கலத்தை நான் பயன்படுத்துவதில்லை. எண் எதுவாக இருந்தாலும், அழுத்தச் சீராக்கியும் அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் காப்பு வால்வும் இல்லாமல் உருளையை இணைக்கக்கூடாது. குளிரவைத்துக் குறைந்த அழுத்தத்தில் ஏற்றுவதே நல்லது. 50 லீற்றர்க் கலம் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகாது. வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் மீனுக்கு விற்கும் ஐஸ் பாளத்தை உடைத்து, பெரிய பிளாஸ்ரிக் பெரலில் கலத்தைச் சுற்றிக் கொட்டலாம். அந்த ஐஸ் உண்ணத் தகுந்ததல்ல, கலத்தின் வெளியே மட்டுந்தான். பிறகு வெளிச்சுவரை நல்ல நீரால் கழுவிவிடவேண்டும். ஐஸ் மாற்றிக்கொண்டே இரண்டு நாள் வாயுவோடு இணைத்து வைத்தால் பானம் துள்ளும். அவசரமென்றால் கலத்தைக் கிடத்தி, இணைத்தபடியே முன்னும் பின்னும் உருட்டினால் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

வாயு, உணவுத் தரத்துக்கென்று நிரப்பிய காபனீரொட்சைட்டாக இருக்கவேண்டும். வெல்டிங் பட்டறை உருளையில் ஆகன் கலந்திருக்கலாம், எண்ணெய்ப் பசையும் இருக்கலாம். உருளையை நிமிர்த்திச் சுவரோடு கட்டி வைக்கவேண்டும். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும். கதவு மூடிய சிறிய களஞ்சிய அறையில் இந்த வேலை வேண்டாம்.

பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காத சீனிப் பானம் இது. குளிரிலிருந்து வெளியே எடுத்துவிட்டால், காற்றிலிருக்கும் மதுவமே ஓரிரு நாளில் அதைப் புளிக்கவைக்கத் தொடங்கும்; அழுத்தம் ஏறும், மதுசாரமும் உண்டாகும். கொண்டாட்டம் முடிந்த மறுநாள் மிஞ்சியதைக் கொட்டிவிட்டு, அன்றே கலத்தைக் கழுவவேண்டும். அன்று கழுவினால் வெந்நீரும் ஒருதடவை கறைநீக்கித் தூளும் போதும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் எரிசோடாவிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.

எடுத்துவைக்கும்போது வெட்டாத கலத்தைக் குறைந்த வாயு அழுத்தத்தோடு மூடி, மேலே திகதி எழுதிய ஒட்டுத்தாளும் ‘உள்ளே அழுத்தம் உண்டு’ என்ற வரியும் ஒட்டிவைக்கிறோம். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெட்டிய பாத்திரத்தை வால்வு திறந்தபடி இரண்டு செங்கல்லின் மேல் கவிழ்த்து, வால்வின் வாயில் துணி கட்டிவிடுகிறோம். மாரி தொடங்கினால் கரப்பான் முதலில் தேடி வருவது அந்தத் துளையைத்தான்.